இருந்தும் இல்லாத டிஸ்க்கும் இறங்க முடியாத செங்கோடனும்

கல்லாங்காட்டுப்புதூரில் ஆயுத பூஜைக்குக் கும்பிட்டு வைத்த மெஷினை மறுநாள் காலை தேங்காய் உடைத்துத் தொடுகிறவரை யாரும் தொடுவதில்லை. தறிக்காரர் தறியைத் தொட மாட்டார், தையல்காரர் கத்தரியைத் தொட மாட்டார், சலூன்காரர் கத்தியைத் தொட மாட்டார் என்பதால் அன்று பாதி ஊர் தாடியோடே உட்கார்ந்து சுண்டல் தின்னும். பஸ் ரோட்டில் லாரிகளை ஏற்றி எடை போடும் எடைமேடை வைத்திருந்த பெரியண்ணன் இந்த விஷயத்தில் ஊருக்கே ஒரு படி மேலே. அவருடைய எடைமேடைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கிழடு, ஆனால் அவருக்குச் சோறு போட்ட கிழடு, அதனால் மற்றவர்கள் பொட்டு வைத்து நிறுத்திக்கொள்கிற இடத்தில் அவர் சந்தனத்தைக் குழைத்து அப்புவார். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, கிழங்கு நன்றாக விளைந்து, லாரிகள் வரிசைகட்டி நின்றதால் சந்தனம் இன்னும் தாராளமாயிற்று. பின்பக்கம் காற்றுப் போகிற துளைகளும் அவர் கண்ணுக்கு நெற்றியாகவே தெரிந்தன. போதாததற்குத் தேங்காயை மேஜை ஓரத்திலேயே உடைத்தார். தண்ணீர் எங்கே போயிற்று என்று அவரும் பார்க்கவில்லை, சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த நாங்களும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம்தான் லாரி டிரைவர் செங்கோடன் மரவள்ளிக் கிழங்கு லோடோடு வந்து சேர்ந்தான். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது; ஒவ்வொரு நாளும் அதில் மாவு குறையும், அதை ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைக்காரனின் முகம் கோணும். எடை போடாமல் ஆலைக்குள் விட மாட்டார்கள், மெஷினோ மாலை போட்டுக்கொண்டு ஓய்வில் இருக்கிறது. செங்கோடன் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"ஏனுங்கண்ணா, மெஷின் தூங்கட்டுமுங்க. நா மேடை மேல ஏறி நின்னுக்கறன். விடிஞ்சா மொத எடை என்னுதா இருக்கட்டும்" என்றான்.

பெரியண்ணன் வாய் நிறையச் சுண்டல் இருந்ததால் கையை மட்டும் அசைத்தார். அந்தக் கையசைப்புக்கு வேண்டாம் என்று அர்த்தமா, சரி என்று அர்த்தமா என்று பிற்பாடு ஊரில் பெரிய விவாதமே நடந்தது. செங்கோடன் சரி என்று எடுத்துக்கொண்டு, ஓய்வில் இருந்த மேடைமேல் வண்டியை ஏற்றி நிறுத்தினான்.

மறுநாள் காலை தேங்காய் உடைத்து சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. சந்தனம் கருகின வாசனை மட்டும் வந்தது. அது ஆகிறபடி ஆகட்டும், நாம் ஒரு டீ குடித்து வருவோம் என்று செங்கோடன் மேடையின் தெற்கு ஓரத்தில் காலைக் கீழே வைத்தான். வைத்த கால் மேடையின் வடக்கு ஓரத்தில், இரும்புத் தகட்டின் மேலேயே வந்து நின்றது. வடக்கே இறங்கினான், தெற்கில் ஏறியிருந்தான். வண்டியைக் கிளப்பி முன்னால் ஓட்டினான். முன்சக்கரம் மேடையை விட்டு இறங்கின மாத்திரத்தில் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. டீசல் தீர்ந்து எஞ்சின் நிற்கிற வரைக்கும் இப்படித் தன்னைத்தானே துரத்திப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தது. "இறங்க முடியலியாப்பா?" என்று கேட்டார். "முடியலீங்க" என்றான். "செரி, அங்கயே கொண்டாறன்" என்று டீயோடு போனார். மேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தார். அடுத்த அடி மேடைக்கு அந்தப் பக்கம் முள்வேலி ஓரத்தில் இருந்தது, கையில் டீ சிந்தாமல் இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அந்த மேடை அகலமே இல்லாத மேடையாக ஆகிவிட்டிருந்தது. கண்ணுக்கு லாரி தெரிந்தது, செங்கோடன் தெரிந்தான், பேச்சுக் கேட்டது. கையை நீட்டினால் கை மட்டும் மறுபக்கம் போய் வெயிலில் நின்றது. டீக்கடைக்காரர் யோசித்து, டீயைக் கேரி பையில் கட்டி வீசினார். அது மேடைமேல் விழுந்து அங்கேயே தங்கியது. இப்படியாக அன்றைக்கே ஊருக்கு விதி விளங்கிவிட்டது: விட்டெறிந்தது தங்கும், பிடித்திருந்தது தங்காது.

சாயங்காலம் தெய்வானை வந்தாள். அவள் சேகோ ஆலையில் களத்தில் ஈர ஜவ்வரிசி காயப்போடுகிறவள். முழங்கை வரை மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. செங்கோடனுக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. அவன் எந்த ஊர் ரோட்டில் இருந்தாலும் அவள் பொழுது சாய போன் போட்டு, "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்பாள். அவன் ஆந்திராவில் பஞ்சராகி நின்றாலும், லோடே கிடைக்காமல் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தாலும், "வந்துட்டே இருக்கறன் புள்ள" என்பான். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பொய்யைக் கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று அவள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அதையே கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு அதையே சொன்னான். சொல்லிவிட்டு அவளை நோக்கிக் கையை நீட்டினான். கை மஞ்சள் கோட்டோடு காணாமல் போய் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து நீண்டு அவன் தோளையே தொட்டது. அவளும் நீட்டினாள், அவள் கை அந்தப்புறம் முள்வேலியில் கீறிக்கொண்டது. பிறகு அவள் பத்தடி பின்னால் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடி வந்து குதித்தாள். விட்டெறிந்தது தங்கும் என்றால் தன்னையே விட்டெறிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மறுபக்கம் போய் மண்ணில் விழுந்தாள். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து இன்னும் ஒரு தடவை குதித்தாள். எங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் எல்லோரும் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எடைச் சீட்டு வராமல் மேடையிலிருந்து எந்த வண்டியும் இறங்கக் கூடாது என்பது பெரியண்ணன் சுவரில் எழுதி வைத்திருந்த சட்டம். மேடை அதை ரொம்பவும் மனதில் வாங்கிக்கொண்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஆகவே கம்ப்யூட்டரைச் சரிசெய்தால் சீட்டு வரும், சீட்டு வந்தால் செங்கோடன் வருவான். பெரியண்ணனும் அப்போதெல்லாம் பதறிக்கொண்டுதான் இருந்தார். கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள் தேங்காய்த் தண்ணீர் புகுந்து எல்லாம் போய்விட்டது என்றதும் புதுசு வாங்கினார். ஆனால் எடை போடும் புரோகிராமை எழுதின கம்பெனி எப்போதோ மூடிப் போயிருந்தது, அலமாரியில் சிடியாக மிஞ்சியிருந்த அந்தப் புரோகிராம் எக்ஸ்பி தவிர வேறொன்றில் ஓடாது. எனவே புது மெஷினில் பழைய எக்ஸ்பியை ஏற்ற வேண்டியதாயிற்று.

ராசிபுரத்திலிருந்து மொபைல் கடைக்காரர் வந்து எக்ஸ்பி சிடியைப் போட்டார். திரை நீலமானது, வெள்ளை எழுத்துகள் ஓடின, கடைசியில் இந்தக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் டிஸ்க் இருக்கிறது. புத்தம் புதுசாக, ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருக்கிறது. வயரை மாற்றினார், இல்லை என்றது. வேறு டிஸ்க் மாட்டினார், இல்லை என்றது. மேஜையைக் கிழக்கு பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார் ஜோசியர். கிழக்கு பார்த்துக்கொண்டும் இல்லை என்றது. அப்புறம் சேலத்திலிருந்து ஒருத்தர் பையோடு வந்து, வந்த வேகத்தில் புது விண்டோஸைப் போட, அது அதே டிஸ்க்கைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்தது. எடைப் புரோகிராம்தான் புது விண்டோஸைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு, "டிஸ்க் இருக்குங்க, எக்ஸ்பிக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். இருக்கிற ஒன்றை எப்படி ஒருவருக்குத் தெரியாமல் போகும் என்று டீக்கடையில் கொஞ்ச நாள் பேசினோம். பின்பு வேறு விஷயங்கள் வந்துவிட்டன.

ஊர் என்பது எதையும் செரித்துவிடும். லாரியில் கிழங்கு அழுகி நாறினபோது மூக்கைப் பிடித்துக்கொண்டோம்; காய்ந்து மக்கினபோது கையை எடுத்தோம். தோட்டக்காரர் லோடின் மேல் கட்டி அனுப்பியிருந்த விதைக்குச்சிகள் அந்த மக்கிலேயே வேர்விட்டு, சித்திரை வருமுன் லாரி நிறையக் கை விரித்த இலைகளோடு ஒரு மரவள்ளித் தோப்பு நின்றது. அதன் நிழல் மட்டும் மேடையைத் தாண்டி வெளியே விழுந்தது, நிழலை யாரும் பிடித்திருக்கவில்லை என்பதாலோ என்னவோ. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அந்த நிழலில் நிற்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் அந்த இடத்துக்கு செங்கோடன் மேடை என்று பேர் வைத்து டிக்கெட் கிழித்தார். சலூன்காரர் கத்தியை வீசிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் நின்று, "இன்னும் கொஞ்சம் காதுகிட்ட" என்று சொல்லிச் சொல்லி அவனையே மழிக்க வைத்தார். லாரி முதலாளி ஒரு தடவை வந்து, டயரைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டி முள்வேலியைத் தட்டிவிட்டு, வேறு லாரி வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையை ஒரே அடியில் தாண்டி விளையாடின. தாண்டுகிற நேரத்தில் கேள்வி ஒன்று கேட்டால் செங்கோடன் சொல்வது பலிக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவன் பாவம், பொழுது போகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தப் பஸ் வரும், யார் மாட்டை யார் ஓட்டிப் போனார்கள், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்று எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. காணாமற்போன ஆட்டைச் சொன்னான், ஆடு கிடைத்தது. பங்காளி வழக்கில் ஒரு வார்த்தை சொன்னான், வழக்கு முடிந்தது. வழக்குப் பேசியவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு எலுமிச்சம்பழம் மேடைமேல் வந்து விழுந்தது. அதற்கடுத்த வெள்ளி ஒரு மாலை.

பெரியண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். எடை போடாத எடைமேடையை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் செய்வார்? மஞ்சள் கோட்டருகே ஒரு விளக்கு வைத்தார், விளக்குக்கு மேல் மழைக்குத் தகரம் போட்டார், தகரத்துக்கு விட்டம் போட்டார். கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிவிட்டார். தெய்வானை கேட்கிறபோதெல்லாம், "ஆளச் சொல்லியிருக்குதும்மா, வருவாங்க" என்பார். முதலில் வாரம் ஒரு ஆள் வந்தது, பின்பு மாதம் ஒரு ஆள் வந்தது, அப்புறம் ஆளே வரவில்லை.

தெய்வானை மட்டும் தினமும் வந்தாள். ஆலையிலிருந்து மாவுக் கையோடு வந்து, சோற்றுப் பொட்டலத்தை வீசிவிட்டு, எங்க வந்துட்டிருக்கீங்க என்று கேட்பாள். முதலில் சில மாதம் அவன் வந்துட்டே இருக்கறன் புள்ள என்று சொல்லிக் கையை நீட்டினான். பிறகு சிரிக்க மட்டும் செய்தான். பிறகு கை நீட்டுவதை நிறுத்தினான். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் கேட்டதற்கு, தோப்புக்குள்ளிருந்து மெதுவான ஒரு குரலில், "எல்லாத்துக்கும் நேரம் வரும்மா" என்றான். தன் பெண்சாதியை அம்மா என்று எல்லோரையும் அழைப்பதுபோல அழைத்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவன் முகம் இளைக்கவுமில்லை, பருக்கவுமில்லை. தின்றது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மழை பெய்த அன்று மேடைத் தகட்டில் தேங்கின தண்ணீரில் அவன் நடந்து போனான், தண்ணீர் அசையவில்லை. அதைத் தெய்வானை மட்டும் பார்த்தாள். மற்றவர்கள் மேலே முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆவணியில் ஊர்க்கூட்டம் போட்டு, வருகிற ஆயுத பூஜையன்று மேடையைச் சுற்றிக் கம்பி அடித்து, அஞ்சு கலசம் வைத்து, செங்கோடனை முறைப்படி பிரதிஷ்டை செய்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். தெய்வானையையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, அவளுக்கு முதல் மரியாதை உண்டு என்றார்கள்.

"எனக்கு மரியாதை வேண்டாமுங்க. அவரு வேணும்" என்றாள்.

"அவரு எங்கம்மா போனாரு? இங்கதான இருக்கறாரு" என்றார் பெரியண்ணன். மனதறிந்து பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தார்.

"மனுசனா இருக்கறவரைக்கும் எறக்கலாமுங்க. சாமின்னு ஆக்கிட்டா அப்பறம் யாருங்க எறக்கி வுடுவாங்க?"

ஒருவர் கலசச் செம்பு எங்கே மலிவு என்று கேட்டார், பேச்சு அந்தப் பக்கம் போயிற்று.

தெய்வானை அடுத்த நாள் ஆலைக்குப் போகாமல் பஸ் ஏறினாள். ஊர் ஊராகக் கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி, "இருக்கற டிஸ்க்க இல்லைங்குது, சரிபண்ணித் தருவீங்களா?" என்று கேட்டாள். புதுசு வாங்கிக்கோங்க என்றார்கள் பாதிப் பேர். எக்ஸ்பியா என்று சிரித்தார்கள் மீதிப் பேர். அவள் ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாள் தவறாமல் பஸ் ஏறியும், புரட்டாசி பிறந்து நவராத்திரிக் கொலு வைக்கிறவரை ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் ஈரோட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, "நீலத் திரையில இல்லைன்னு வருதா? மூடியத் தொறந்தா டிஸ்க் இருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "வரேன். ஆனா ஆயுத பூஜை அன்னிக்குத்தான் எனக்குக் கடை லீவு" என்றாள்.

அன்று காலை எடைமேடையில் மேளம். கம்பிகள் வந்து இறங்கியிருந்தன, கலசங்களில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஸ்கூட்டரை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தியதே பலருக்குப் பிடிக்கவில்லை. பூட்டின ரூம் வாசலில் தெய்வானை போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு மெஷினத் தொடக் கூடாதும்மா. நீயே போன வருசம் பார்த்தீல்ல?" என்றார் பெரியண்ணன்.

"இன்னும் கும்புடலீங்களே. கும்புட்டாத்தான தொடக் கூடாது? சந்தனம் வெக்கறதுக்கு முன்னால முடிச்சர்றோம்."

முறைப்படி பார்த்தால் அவள் சொன்னது சரிதான். முறை என்று வந்துவிட்டால் பெரியண்ணனால் மறுத்துப் பேச முடியாது. அது அவருடைய பலம், பலவீனம் இரண்டும். சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் மானிட்டருக்குக் காலையிலேயே போட்டிருந்த மாலையை மட்டும் எடுக்கக் கூடாது என்றார். எஸ்தர் மாலையை விலக்கிவிட்டு விலக்கிவிட்டு, சாமந்திப் பூக்களுக்கு இடையே எட்டிப் பார்த்து வேலை செய்தாள்.

சிடியைப் போட்டதும் நீலத் திரை வந்தது. கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி வந்து, இரண்டு மூச்சு விடும் நேரம் நின்று, போய்விட்டது. "இதைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றாள் எஸ்தர். மறுபடி ஆரம்பித்து, அந்த வரி வருகிற நேரத்தில் எஃப் சிக்ஸ் பட்டனைத் தட்டினாள். இந்த முறை எக்ஸ்பி, எனக்குத் தெரியாத டிஸ்க் என்றால் அதைப் பற்றிச் சொல்லும் ஃபிளாப்பியைக் கொடு என்று கேட்டது. ஃபிளாப்பிக்கு எங்கே போக? அதைப் போடுகிற வாய்கூட அந்தப் புது மெஷினுக்கு இல்லை. எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்தார்.

"ஏம்மா, டிஸ்க்குல என்னதாங் கொறை?" என்று கேட்டாள் தெய்வானை.

"டிஸ்க்குல ஒரு கொறையும் இல்லக்கா. எக்ஸ்பி வந்த காலத்துல டிஸ்க்குங்க பேசின பேச்சு வேற. இது புதுப் பேச்சுப் பேசுது. பழசு கூப்பிடுது, இதுக்கு அது கூப்பிடறதே புரியல, சும்மா இருக்கு. பதில் வரலைன்னதும் யாருமே இல்லைன்னு எழுதிடுது."

"அப்பப் பழசுக்குப் புரியற மாதிரி இது பேசினா?"

"அதைத்தான் பண்ணப் போறேன்."

மெஷினை அணைத்துப் போட்டு, எழும்பும்போதே ஒரு பட்டனைத் தட்டித் தட்டி, எக்ஸ்பிக்கும் முன்னால் இருக்கிற சாம்பல் நிறப் பக்கத்துக்குள் போனாள். பயாஸ் என்று அதற்குப் பேர். பெரியண்ணன் அப்படி ஒரு அறை தன் மெஷினுக்குள் இருப்பதை அன்றுதான் பார்த்தார். அதில் டிஸ்க் எந்த முறையில் பேச வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதில் ஏஎச்சிஐ என்று இருந்ததை ஐடிஇ என்று மாற்றினாள். எஃப் டென் தட்டிச் சேமித்தாள். சிடி மறுபடி சுற்றியது, நீலம் வந்தது, வெள்ளை எழுத்துகள் ஓடின. இம்முறை எக்ஸ்பி, வருஷம் முழுக்க இல்லை இல்லை என்று சாதித்ததை எல்லாம் மறந்துவிட்டு, இதோ டிஸ்க், இதில் ஏற்றட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது.

"இனி இதை யாரும் மறுபடி மாத்தக் கூடாதுங்கண்ணா" என்றாள் எஸ்தர். "மாத்தினா எக்ஸ்பி நீலத்துல நின்னுரும். புதுசா இருந்தாலும் இனி இது பழசாத்தான் நடந்துக்கணும்."

ஏறி முடிவதற்குள் கலசங்கள் தயாராகிவிட்டன. எடைப் புரோகிராமையும் ஏற்றித் திறந்தார்கள். வண்டி நம்பர் கேட்டது, தெய்வானை சொன்னாள். சரக்கு கேட்டது, மரவள்ளி என்றாள். டிரைவர் பேர் கேட்டது, சொன்னாள். பெரிய சிவப்பு எழுத்தில் எடை வந்தது.

பூஜ்ஜியம்.

ஒரு லாரி, ஒரு தோப்பு, ஒரு வருஷத்துச் சோறு, ஒரு ஆள், எல்லாம் மேலே நிற்க, பூஜ்ஜியம். எஸ்தர் வயர்களைப் பார்த்தாள், திரும்ப எண்ணைப் பார்த்தாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு அக்கா. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். ஜன்னலுக்கு வெளியே எங்களில் பலருக்கு, சொன்னால் வெட்கம், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சாமிக்கு ஏது எடை என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் ஆமாம் போட்டார்கள். பெரியண்ணன் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

தெய்வானை ரூமிலிருந்து வெளியே வந்து மஞ்சள் கோட்டில் நின்றாள். மேடைமேல் செங்கோடன் புது வேட்டி கட்டி, மாலைகளுக்கு மேல் மாலையாகப் போட்டு, தோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. அவளுக்கு ஓ என்று அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"எல்லாத்துக்கும் நேரம்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நேரத்தக் கேக்கலீங்க. எந்த ஊர் வந்துருக்கீங்க? சாப்புட்டீங்களா இல்லியா? கிழங்கு லோடுன்னு போனீங்களே, எறக்கியாச்சா? ஆலைல கேட்டுட்டிருக்கறாங்க. நாளைக்கு வீட்டு ஓடு மாத்தோணும், ஆள் வேணும். எங்க நிக்கறீங்க?"

போனில் அவனோடு சண்டை போடுகிற அதே குரல். அவன் கண்ணைத் திறந்தான். அவள் மேலும் மேலும் கேட்டாள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தீர்களா, அந்தப் பின்டயர் தாங்குமா, கிளீனர் இல்லாமல் ஏன் போனீர்கள் என்று டிரைவர் ஒருவனிடம் மட்டுமே கேட்கக் கூடிய கேள்வியாகக் கேட்டாள். செங்கோடன் ஒரு கையால் மாலையைப் பிடித்து, அது என்ன என்று தெரியாதவன் போலப் பார்த்தான். பின்டயரைத் திரும்பிப் பார்த்தான். அது எப்போதோ உட்கார்ந்து போயிருந்தது.

"டயர் போச்சு புள்ள" என்றான். அப்புறம், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழைய பொய்யைச் சொன்னான். "வந்துட்டே இருக்கறன்."

உள்ளே எஸ்தர், "ஏறுது" என்றாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். சிவப்பு எண்கள் ஏறின, நின்றன, திரும்ப ஏறின. லாரி ஏறியது, தோப்பு ஏறியது, எறிந்த பொட்டலமெல்லாம் ஏறியது, கடைசியில் ஒரு ஆளின் கனம் வந்து சேர்ந்தது. மேடைத் தகடு வருஷத்தில் முதல் தடவையாக முனகியது. பிரிண்டர் கரகரவென்று சீட்டை நீட்டியது.

செங்கோடன் தெற்கு ஓரத்தில் காலைக் கீழே வைத்தான். கால் மண்ணில் இருந்தது. அடுத்த காலையும் வைத்ததும் ஒரு வருஷத்துக் கனம் முழுக்க ஒரே சமயத்தில் அவன்மேல் இறங்க, மாலையோடு தெய்வானையின்மேல் சாய்ந்தான். அவளும் தாங்க முடியாமல் அவனோடு மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், காதைப் பிடித்துப் பார்த்தாள். எங்களை அவள் பார்க்கவே இல்லை. சற்று நேரம் கழித்துக் கலசத்து நூலை ஒவ்வொருவராகப் பிரித்தோம்.

ஊருக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். லாரியைத் தோப்போடு இழுத்துக்கொண்டு போனதில் நிழல் போயிற்று, வழக்குப் பேச ஆளில்லை, கண்டக்டர் மட்டும் பழக்கதோஷத்தில் அதே பேரைச் சொல்லி இறக்கிவிடுகிறார். இப்போதும் ஆயுத பூஜையன்று மத்தியானம் சிலர் சுண்டலோடு எடைமேடைப் பக்கம் வந்து, ஏதாவது லாரி அவசரத்தில் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருவது உண்டு. லாரிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதால் அன்று ஆத்தூர் ரோட்டில் சுற்றிப் போகிறார்கள்.

செங்கோடன் மறுபடி லாரி ஓட்டுகிறான். சாமியாக இருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்வதில்லை. சொன்னால் அந்த மெதுவான குரல் திரும்பி வந்துவிடும் என்று பயமோ என்னவோ. தினமும் வண்டிக்குக் கிளம்பும்போது வீட்டு நிலைப்படியில் நின்று, காலை வைப்பதற்கு முன் கையை மட்டும் வெளியே நீட்டுகிறான். நீட்டிவிட்டு, அது கொல்லைக் கதவு வழியாக வருகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். அப்படிப் பார்த்தபடியே நிற்பான், கால் எழாது. தெய்வானை வாசலில் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்து, "வெளியதாங்க இருக்குது, வாங்க" என்பாள்.